ஹெச்.எம். ஆகப் போகிறேன்: எப்படிப்பட்ட ஆளாக இருக்க வேண்டும்?

வேதியியல்_அரூர்

எல்லோருக்கும் வணக்கம். இருபத்துமூன்று வருஷமாக முதுகலை ஆசிரியர், பாடம் வேதியியல். மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் இந்த முறை என் பெயர் மேலே வந்துவிட்டது. கவுன்சலிங்கில் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஏதாவது ஒரு பள்ளி கிடைக்கும்.

கேஷ் புக் எப்படி எழுதுவது, எமிஸில் (பள்ளிக் கல்வித்துறையின் தகவல் இணையதளம்) என்ன ஏற்றுவது, ஆண்டாய்வுக்கு எந்தெந்தப் பதிவேடு வேண்டும் என்பதையெல்லாம் கேட்டுக் கற்றுக்கொள்வேன். என் சந்தேகம் வேறு. இதுவரை ஏழு தலைமை ஆசிரியர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். ஏழு பேருக்கும் அதே அரசாணை, அதே நிதி, அதே காலிப் பணியிடம். ஆனால் இரண்டு பேர் காலத்தில்தான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இருந்தது. அந்த இரண்டு பேரிடமும் அப்படி என்ன இருந்தது என்று யோசிக்கிறேன், பிடிபட மாட்டேன் என்கிறது. ஒருவர் பேசவே மாட்டார், இன்னொருவர் பேச்சை நிறுத்தவே மாட்டார். ஒருவர் கறார், இன்னொருவர் தாராளம். ஒருவருக்குக் கணக்குவழக்கு விரல்நுனியில், இன்னொருவர் ஒவ்வொரு மாதமும் ஜூனியர் அசிஸ்டென்டைத்தான் கேட்பார்.

ஆசிரியர்கள், பெற்றோர்கள், படித்துவிட்டுப் போனவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். திறமையைக் கேட்கவில்லை, குணத்தைக் கேட்கிறேன்.

ஊத்தங்கரை_தோப்பு

சார், நான் மாந்தோப்பு வைத்திருக்கிறவன். என் பெண் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காலையில் கேட்டில் நில்லுங்கள். எங்கள் ஊர் எச்.எம். தினமும் ஒன்பது மணிக்கு கேட்டுக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் நிற்பார். யார் மேலும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சும்மா நிற்பார். பிள்ளையை இறக்கிவிட வரும்போது "என்னப்பா, மண்டியில காய் என்ன விலை போகுது" என்று கேட்பார். அப்படிக் கேட்கிற மனுஷனிடம் பெண்ணுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு யோசனையே வரவில்லை. ஆபீஸுக்குள் போய்ச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

பிடி_ஆங்கிலம்_மத்தூர்

நல்ல கேள்வி சார். எனக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். நல்ல எச்.எம். எப்படி இருப்பார் என்பதை ஒரு மோசமான அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

முன்பு வேலை பார்த்த பள்ளிக்குப் புதிதாக ஒரு எச்.எம். வந்தார். சுறுசுறுப்பானவர், நேர்மையானவர், ஒரு ரூபாய் தொடமாட்டார். முதல் யூனிட் டெஸ்ட் முடிந்ததும் மார்க் லிஸ்டோடு எல்லோரையும் கூப்பிட்டார். கணக்கு டீச்சர் உள்ளதை உள்ளபடி சொன்னார்: பத்தாவதில் 38 பேர், அதில் 17 பேருக்கு வகுத்தலே வரவில்லை, ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது என்று. அரைமணி நேரம். அத்தனை பேர் முன்னாலும். "இதைச் சொல்ல வெட்கமா இல்லையா, சம்பளம் எதுக்கு வாங்கறீங்க" என்பது வரை போனது. அந்த டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் துண்டைத் தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்கிக்கொண்டிருந்தார். புடவை முந்தானை முழுக்க வெள்ளை.

அடுத்த டெஸ்டில் எல்லாப் பாடத்திலும் எல்லோரும் பாஸ். மந்திரம் ஒன்றும் இல்லை. சிலர் விடையைப் போர்டில் எழுதிப் போட்டார்கள். நான் ஏழு பேருக்கு 35 போட்டேன். அந்த டீச்சரும் போட்டார். எச்.எம். சந்தோஷமாக அந்த அறிக்கையை மேலே அனுப்பினார். அரையாண்டு, திருப்புதல் தேர்வு எல்லாவற்றிலும் இதே கதை. மே மாதம் பொதுத்தேர்வு ரிசல்ட் வந்த அன்று அவர் தன் அறையில் உட்கார்ந்து, "ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்தப் பதினேழு பேரின் முகத்தை நான் மறக்கவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான் சார். கெட்ட செய்தி கொண்டுவருகிறவர் மேல் எரிந்து விழாதவராக இருங்கள். அது இல்லாவிட்டால் மற்ற நல்ல குணமெல்லாம் இருந்தும் பிரயோசனமில்லை. ஏனென்றால் உங்கள் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

காவேரிப்பட்டினம்_1988

1988-ல் பத்தாவது முடித்த செட் நான். மன்னிக்கவும், இந்த இழையில் எல்லோரும் ரொம்ப மென்மையாகப் பேசுகிறீர்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் வராண்டாவில் நடந்து வந்தால் செருப்புச் சத்தத்துக்கே வகுப்பு அடங்கும். வாத்தியார்களும் அடங்குவார்கள். பெல் அடித்து இரண்டு நிமிஷத்தில் வகுப்பில் ஆள் இல்லையென்றால் அவரே போய் நின்று பாடம் எடுப்பார். வாத்தியார் வந்து வெளியே நிற்பார். அந்த அவமானம் ஒரு தடவை போதும். பிரம்பும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் முன்னுக்கு வந்தோம்.

இன்று என் தம்பி மகன் படிக்கிற பள்ளியில் ஒன்பதே முக்காலுக்கு டீச்சர் வருகிறார், எச்.எம். சிரித்துக்கொண்டே குட்மார்னிங் சொல்கிறார். பயம் இல்லாத இடத்தில் ஒழுங்கு எப்படி நிற்கும்?

தேன்கனி_மணியோசை

வணக்கம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துப் பள்ளிகளில் பதினோரு வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றேன். ஆங்கில ஆசிரியை எழுதியதை மூன்று தடவை படித்தேன். என் அனுபவத்தையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பொறுப்பேற்ற முதல் வருஷம். ஒரு எட்டாம் வகுப்புப் பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். நான் எதையோ அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது, மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ.) ஆபீஸிலிருந்து இரண்டு போன் வந்துவிட்டது. "டீச்சர், பாத்ரூம் கொக்கி உடைஞ்சு போச்சு" என்றாள். "இதைச் சொல்றதுக்கா கிளாஸை விட்டு வந்தே? போ" என்றேன். போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. நான் அன்று மாலையே மறந்தும் விட்டேன்.

ஐந்து மாதம் கழித்து, சத்துணவுக்கூடத்து அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: பெண் பிள்ளைகள் மத்தியானம் தண்ணீரே குடிப்பதில்லை என்று. விசாரித்தால், கொக்கி இல்லாததால் பாத்ரூம் போவதில்லை. போக வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதில்லை. மாதத்தில் மூன்று நான்கு நாள் வருவதும் இல்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை வரிசையாகத் தெரிந்தது. ஒரு கொக்கியின் விலை அப்போது நாற்பது ரூபாய் இருக்கும். சொல்ல வந்தவளை நான் துரத்திவிட்டேன். அதன் பிறகு ஐந்து மாதம் வேறு ஒரு பிள்ளைகூட என்னிடம் வந்து சொல்லவில்லை. நூற்றுக்கும் மேல் பெண் பிள்ளைகள் படித்த பள்ளி அது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, எல்லோரும் இருக்கும்போதே, "நீ அன்னிக்குச் சரியாத்தான் சொன்னே, நான்தான் கேக்கல" என்று சொன்னேன். சொல்ல எளிதாக இல்லை. ஆனால் பள்ளியில் அது பரவியது.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பள்ளி. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி என் அறைக்கு எதிரே இருந்த குழாயில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய டப்பாவையே திரும்பத் திரும்பக் கழுவினாள். மற்றவர்கள் வகுப்புக்குப் போன பிறகு தெலுங்கில் மெதுவாகச் சொன்னாள், அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள் திங்கட்கிழமை வரமாட்டாள் என்று. ஏன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தாலி. மாப்பிள்ளை உறவுக்காரர், பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பெண்ணுக்கு வயது பதினான்கு.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்தேன். மாவட்ட சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், அவருக்கும் சொன்னேன். சனிக்கிழமை ஊருக்குப் போனார்கள், நானும் கூடப் போனேன். 2006-ஆம் வருஷச் சட்டத்தில் இரண்டு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் பெரியவர்கள் இறங்கி வந்தார்கள். திருமணம் நின்றது. பத்து நாள் கழித்து அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். யார் சொன்னது, யார் சொன்னது என்று ஊரே என்னைக் கேட்டது. நான் சொல்லவில்லை.

அரூர் சார், நீங்கள் குணம் என்ன என்று கேட்டீர்கள். அந்தப் பிள்ளை அந்த டப்பாவோடு உங்கள் அறைக்கு எதிரே வந்து நிற்பாளா என்று மட்டும் பாருங்கள். ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் பள்ளி கிடைத்தால் கொஞ்சம் தெலுங்கோ கன்னடமோ கற்றுக்கொள்ளுங்கள். பாடம் தமிழில் படிக்கிற பிள்ளைகூடப் பயந்தால் வீட்டு மொழியில்தான் பேசும்.

மாரண்டஅள்ளி_மைந்தன்

மேடம் எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. பாலக்கோடு தாலுகா, 2003-ல் ப்ளஸ் டூ. இப்போது பெங்களூரில் இருக்கிறேன்.

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. அதற்கு முன் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும். எனக்கு முன்பல் நான்கும் அப்படித்தான். ஏழாவது படிக்கும்போது பிரேயரில் செய்தி வாசிக்க என் முறை வந்தது. வரமாட்டேன் என்றேன். வகுப்பாசிரியர் திமிர் என்று நினைத்து எச்.எம். அறைக்கு அனுப்பினார்.

எச்.எம். எதுவும் கேட்கவில்லை. மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து ஜன்னலோரம் நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்தார். "சொல்லு கண்ணு, நான் பாக்கல" என்றார். அப்போதுதான் சொன்னேன். சிரித்தால் பல் தெரியும், முன்னால் நிற்கிற ஆறாவது பசங்க கிண்டல் பண்ணுவாங்க என்று. திரும்பி வந்து தன் உதட்டை விலக்கிக் காட்டினார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். என்னைவிட மோசம். அந்த வாரம் முழுக்க அவரே செய்தி வாசித்தார், நான் பக்கத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த திங்கட்கிழமை நானே வாசித்தேன்.

1988 அண்ணாவுக்கு ஒன்று. நீங்கள் "எல்லோரும் முன்னுக்கு வந்தோம்" என்கிறீர்கள். வந்தவர்கள்தானே அண்ணா இங்கே எழுதுகிறோம்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். மாநில சராசரி 80.1. அந்தக் கணக்கில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களில் பலர் நீங்கள் பள்ளியில் இருந்த காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள். பிரம்புக்குப் பயந்து ஆடு மேய்க்கப் போன என் பெரியப்பா மகனும் அதில் ஒருவர்.

காவேரிப்பட்டினம்_1988

தம்பி, அந்த எண்ணிக்கை பிரம்பால் மட்டும் வந்ததில்லை. பஞ்சம், பள்ளிக்கூட தூரம், பெண்ணைப் படிக்க வைக்காத வழக்கம், எல்லாம் சேர்ந்தது. ஆனாலும் எங்கள் வகுப்பில் பாதியில் நின்றவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை என்பது சரிதான். ஆறாவதில் அறுபது பேர் இருந்தோம், பத்தாவதில் இருபத்தெட்டு.

இருந்தாலும் என் கேள்வி நிற்கிறது. ஒன்பதே முக்காலுக்கு வருகிற டீச்சரை என்ன செய்வது? கேட்டுக்கொண்டே இருந்தால் போதுமா?

கேஷ்புக்

நான் ஜூனியர் அசிஸ்டென்ட். பதினாறு வருஷம், நான்கு பள்ளி. எங்களை யாரும் கேட்பதில்லை, ஆனால் எச்.எம்.-ஐ மிகப் பக்கத்தில் பார்க்கிறவர்கள் நாங்கள்.

பணம் பற்றிச் சொல்கிறேன். திருடாமல் இருந்தால் மட்டும் போதாது. ஒரு எச்.எம். மாதம் தோறும் வரவு செலவை ஸ்டாஃப் ரூம் போர்டில் ஒட்டச் சொல்வார். பள்ளி மேலாண்மைக் குழுப் பணம் எவ்வளவு, எதற்குப் போனது, பில் யாரிடம். முதல் மாதம் யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் பி.இ.டி. சார் வந்து, "வாலிபால் நெட்டுக்கு நீங்க போட்ட விலையைவிட தருமபுரியில கம்மி" என்றார். எச்.எம். கோபப்படவில்லை. அடுத்த தடவை அவரையே வாங்கிவரச் சொன்னார். நான் இன்னொரு பள்ளியில் ஒரு வவுச்சரைப் பற்றிச் சந்தேகம் கேட்டதற்கு ஆறு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவரையும் பார்த்திருக்கிறேன். அவரும் திருடவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஆடிட்டில் மாட்டினார். கேட்கிற ஆளை அவரே அடைத்துவிட்டார்.

ஓசூர்_பிரின்சிபால்

தனியார் பள்ளியிலிருந்து எழுதுகிறேன். இதுவரை எல்லோரும் கீழேயிருந்து வருகிற செய்தியைப் பற்றிச் சொன்னீர்கள். மேலே கொண்டுபோவது பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கேதான் முக்கால்வாசிப் பேர் விழுகிறோம்.

எங்களுக்கு மேலே தாளாளர். பைபாஸில் வைக்கிற ஃப்ளெக்ஸில் "100 சதவீதத் தேர்ச்சி" என்று இருக்க வேண்டும். அதற்கு வழி என்ன? ஒன்பதாவது முடியும்போதே சுமாராகப் படிக்கிற பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேருங்கள் என்பது. முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் நானே அப்படி இரண்டு பெற்றோரிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் டெம்போ டிரைவர். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

அடுத்த வருஷம் நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுகிறவர்கள் பட்டியல், தயாராகும் சமயம் நான்கு பேரைக் காட்டி எடுக்கச் சொன்னார்கள். தாளாளரிடம் தனியாக நேரம் கேட்டுப் போனேன். நான்கு பிள்ளைகளின் விடைத்தாளையும் கையோடு எடுத்துப் போனேன். "சார், இவங்க எல்.கே.ஜி.யிலிருந்து நம்மகிட்ட படிக்கிறாங்க. பத்து வருஷத்துக்கு மேல ஃபீஸ் வாங்கியிருக்கோம். இவங்களுக்கு வராததுக்குப் பாதிப் பொறுப்பு நம்மளோடது. இந்த வருஷம் நூறு வராமப் போகலாம், அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். நல்ல வார்த்தை ஒன்றும் கிடைக்கவில்லை. நான்கு பேரும் எழுதினார்கள். மூன்று பேர் பாஸ், ஒருவன் துணைத் தேர்வில் பாஸ். ஃப்ளெக்ஸில் நூறு இல்லை. எனக்கு அந்த வருஷம் இன்கிரிமென்டும் இல்லை. மறு வருஷம் நான் அங்கே இல்லை.

அரசுப் பள்ளியில் வேலை போகாது சார், அது உங்களுக்குப் பெரிய பலம். மீட்டிங்கில் முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) கேட்கும்போது "எல்லாம் ஓகே மேடம்" என்று சொல்லாமல், "எனக்கு இயற்பியலுக்கு ஆள் இல்லை, பதினொன்றாவதில் இத்தனை பேர் வருவதில்லை" என்று எழுந்து நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

பிடி_ஆங்கிலம்_மத்தூர்

ஓசூர் சார், நீங்கள் சொன்னது உண்மை. ஜனவரி பிப்ரவரியில் எங்கள் பக்கம் எருது விடும் விழா. ஒவ்வொரு ஊராக நடக்கும், ஒன்பதாவது பத்தாவது பையன்கள் மாட்டுக்குப் பின்னாலேயே ஊர் ஊராகப் போய்விடுவார்கள். ஒரு எச்.எம். இருக்கிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆப்சென்ட் போடாமல் எமிஸில் எல்லோருக்கும் பிரசென்ட் ஏற்றச் சொன்னார், மேலே கேள்வி வரும் என்று. இன்னொருவர் உள்ளபடியே ஏற்றினார். கேள்வி வந்தது, பதில் சொன்னார். மாடு வைத்திருக்கிற வீடுகளுக்கே நேரில் போய், "திருப்புதல் தேர்வு அன்னிக்கு மட்டும் பையனை விட்டுடுங்க, மத்த நாள் நான் கேக்க மாட்டேன்" என்று பேசினார். பாதிப் பேர் வந்தார்கள். பாதி என்பது எங்கள் ஊரில் பெரிய விஷயம்.

தேன்கனி_மணியோசை

1988 சார், உங்கள் கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. கேட்கிற எச்.எம். என்றால் எதையும் விட்டுவிடுகிற எச்.எம். என்று அர்த்தமில்லை.

எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் தினமும் இருபது நிமிஷம் தாமதம். முதல் வாரம் அவருடைய முதல் பீரியடை நானே எடுத்தேன், உங்கள் ஹெட்மாஸ்டர் மாதிரியே. ஆனால் அவரை வெளியே நிற்க வைக்கவில்லை. சனிக்கிழமை கூப்பிட்டுக் கேட்டேன். ஓசூரிலிருந்து வருகிற முதல் பஸ் தளியில் நின்றுவிடுகிறது, அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம், கைக்குழந்தை இருப்பதால் அதற்கு முந்தைய பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை என்றார். டைம் டேபிளில் அவருக்கு முதல் பீரியடை எடுத்துவிட்டு எட்டாவது பீரியட் கொடுத்தேன். அதற்கு ஈடாக மாலையில் மெல்லக் கற்கும் பிள்ளைகளோடு அரைமணி உட்கார ஒப்புக்கொண்டார். குழந்தைக்கு ஒன்றரை வயதானதும் பழையபடி முதல் பீரியட்.

இன்னொருவர் இருந்தார். அவருக்குக் காரணம் எதுவும் இல்லை, சொந்த ஊரில் ரியல் எஸ்டேட். இரண்டு தடவை வாயால் சொன்னேன், மூன்றாவது தடவை மெமோ. சங்கத்திலிருந்து ஆள் வந்தது. பதிவேட்டைத் திறந்து காட்டினேன். கேட்ட பிறகுதான் யார் எந்த வகை என்று தெரியும். கேட்காமல் எல்லோரையும் ஒரே மாதிரி வெளியே நிற்க வைத்தால், குழந்தைக்காரி அழுவாள், ரியல் எஸ்டேட்காரர் பழகிக்கொள்வார்.

பிரம்பு பற்றி: கல்விஉரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அடிக்கிற கையிடம் எந்தப் பிள்ளையும் டப்பாவோடு வரமாட்டாள்.

பென்னாகரம்_எஸ்எம்சி_அம்மா

வணக்கம். என் மகன் டைப் பண்ணித் தருகிறான். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் தலைவி. ஐந்தாவது வரை படித்தேன்.

முதலில் இருந்த எச்.எம். நல்லவர்தான், மரியாதையாகப் பேசுவார். ஆனால் மினிட் நோட்டில் கையெழுத்துப் போடுங்கம்மா என்பார், போடுவேன். என்ன எழுதியிருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்து வந்த மேடம் முதல் கூட்டத்திலேயே நோட்டைப் பிரித்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். "சரியா இருந்தா போடுங்க, இல்லைன்னா போடாதீங்க" என்றார். அன்று நான் போடவில்லை. சமையல்கூடத்துக் கூரை ஒழுகுவது அதில் இல்லை. மேடம் எழுதிச் சேர்த்த பிறகு போட்டேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், இன்று ஒரு கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னேன் என்றேன். அவர் நம்பவில்லை.

காவேரிப்பட்டினம்_1988

அம்மா, உங்களுக்கு என் வணக்கம்.

என் அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். காமராஜர் காலத்தில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்துவார்கள் என்று சொல்லியிருக்கிறார். பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று பட்டியல் போட்டு ஊரார் முன்னால் வைப்பார்களாம், ஊர் கூடி பெஞ்சு, கரும்பலகை, சட்டை என்று கொடுக்குமாம். இல்லாததை ஊர் முன்னால் சொல்வதை அன்று யாரும் அவமானமாக நினைக்கவில்லை. மணியோசை மேடத்தின் மெமோ கதைக்குப் பிறகு எனக்கு வாதம் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் ஹெட்மாஸ்டர் ஆள் இல்லாத வகுப்பில் தானே போய்ப் பாடம் எடுத்தார் பாருங்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் அரூர் சார்.

வேதியியல்_அரூர்

எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு நாளாக எழுத வரவில்லை.

நான் கோபக்காரன். என் வகுப்பில் இது நல்லது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். லேபில் ஒரு பையன் கந்தக அமில பாட்டிலைத் தவறவிட்டான், நல்லவேளை யார் மேலும் படவில்லை. நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. அடுத்த மாதம் ஒரு பெண் கையில் பிப்பெட் உடைந்து உள்ளங்கையில் கீறியது. என்னிடம் சொல்லவில்லை. பாவாடைக்குள் கையை மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் கை வீங்கி வந்த பிறகுதான் தெரிந்தது. லேபில் எச்சரிக்கையாக இருக்கத்தானே கத்தினேன் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு சம்பவத்தையும் சேர்த்துப் பார்த்தது இந்த இழையைப் படித்த பிறகுதான்.

என்னுடைய ஏழு எச்.எம்.-களில் அந்த இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது என்ன என்பதும் இப்போது தெரிகிறது. நான் தாமதமான நாளில் ஓடி ஒளியாமல் நேராக அவர்கள் அறைக்குப் போய்ச் சொன்னேன். மற்ற ஐந்து பேரிடம் அப்படிப் போனதில்லை.

மணியோசை மேடம், ஐம்பது வயதில் இந்தக் கோபத்தை என்ன செய்வது?

தேன்கனி_மணியோசை

போகாது சார். எனக்கும் போகவில்லை. ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யாராவது வந்து ஏதாவது சொன்னால் முதலில் உட்காரச் சொல்வேன், பிள்ளையாக இருந்தாலும். என் அறையில் ஒரு சின்ன ஸ்டூல் வாங்கிப் போட்டேன். உட்கார்ந்திருக்கிற ஆள் மேல் கத்துவது கொஞ்சம் கஷ்டம். பிறகு "எப்போலேர்ந்து?" என்று கேட்பேன். இந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் எனக்கு ஆறிவிடும். கோபம் மிஞ்சியிருந்தால், நான் கத்தினாலும் நீ சொன்னது சரி என்று அன்றைக்கே சொல்லிவிடுவேன், மறுநாளுக்கு வைப்பதில்லை.

பள்ளி எது என்று தெரிந்ததும் சேருவதற்கு முன்னாலேயே ஒரு நாள் யாரும் இல்லாதபோது போய்ப் பாருங்கள்.

வேதியியல்_அரூர்

கவுன்சலிங் முடிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம், ஆந்திர எல்லையோரம். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு.

மேடம் சொன்னபடி இன்று சனிக்கிழமை போனேன். பெருக்குகிற அம்மா ஒருவர் மட்டும் இருந்தார். இன்னார் என்று சொன்னேன். இங்கே என்னம்மா சரியில்லை என்று கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்குது சார்" என்றார். சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டேன், அதே பதில். வராண்டாப் படியில் உட்கார்ந்து அவரையும் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, தூணில் சாய்ந்துகொண்டார். ஊர், பிள்ளைகள், புளி இந்த வருஷம் எப்படி என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் கிளம்பி வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகு கேட்டுக்கு வந்தார். "சார், பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூமுல நாலு கதவுல ரெண்டுக்குக் கொக்கி இல்ல. தண்ணி டேங்கு வால்வும் போயிருச்சு. சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார்.

எப்போலேர்ந்தும்மா என்று கேட்டேன். போன பொங்கலிலிருந்து என்றார்.

திங்கட்கிழமை பொறுப்பேற்கிறேன். பிளம்பரையும் தச்சரையும் நாளை காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறேன். செலவு இப்போதைக்கு என்னுடையது, பிறகு போர்டில் ஒட்டிவிட்டு எடுத்துக்கொள்கிறேன், கேஷ்புக் சார் சொன்ன மாதிரி. ஸ்டூலும் ஒன்று வாங்கியாயிற்று.

தேன்கனி_மணியோசை

சந்தோஷம் சார். தச்சர் வரும்போது நீங்களும் கூட நில்லுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் உயரத்துக்குக் கொக்கி போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் போடச் சொல்லுங்கள்.